அழாத பிள்ளை

கிருபாபாய்க்குப் பெண் குழந்தை பிறந்தபோது அவளுக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. மூன்றாவது தங்கியபோது அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சேலைக்கு மேல் வயிறு தெரிகிற வரைக்கும் வழக்கம்போல் வேலைக்குப் போய்வந்தாள்.

இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற கம்பெனி ஒன்றில் அவளுக்கு வேலை. வெளுத்துக் காய்ந்து வருகிற, காயத்துக்குக் கட்டுகிற மெல்லிய காஸ் துணியை அளவு பார்த்து மடித்து அடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு நேராக வந்து நின்ற இடம் அது. அக்கா ஞானபாக்கியத்தைக் கட்டிக்கொடுத்த பிறகு, படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்க்க ஆள் வேண்டியிருந்ததால் கிருபாபாயின் கல்யாணம் தள்ளிக்கொண்டே போயிற்று. அப்பா இறந்து, முடி லேசாக நரைக்கத் தொடங்கிய பிறகுதான் பொன்னுராஜ் வந்தான். அவன் துணிப் பொதிகளைத் தூத்துக்குடிக்கு ஏற்றிப்போகும் வண்டியின் டிரைவர். அதிகம் பேச மாட்டான். அவளுக்கு அது தோதாக இருந்தது. அவளுக்கும் பேச்சு ஓர் அலுப்புதான்.

அலுப்பு அவளுடைய சுபாவம் என்றே எல்லாரும் வைத்திருந்தார்கள். காலையில் எழுந்திருக்கும்போதே ஒரு நாள் வேலை பார்த்து முடித்தவள் போலிருப்பாள். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவாள். சித்திரை வெயிலிலும் ஃபேனுக்கு அடியில் உட்கார மாட்டாள், குளிரும் என்பாள். குரல் கரகரத்துக் கிடக்கும். பஞ்சுத் தூசி என்று அதற்குக் காரணம் சொல்லிக்கொள்வாள். கம்பெனி மேஸ்திரி அவளுக்கு நத்தை என்று பெயர் வைத்திருந்தார். அவள் மடித்த துணியில் ஒரு சுருக்கம் இருக்காது என்பதும் அவருக்குத் தெரியும் என்பதால், பெயர் வைத்ததோடு நிறுத்திக்கொண்டார்.

பிரசவத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனாள். அம்மா இல்லாததால் மடவார் வளாகத்தில் இருந்த அக்கா வீடுதான் பிறந்த வீடு. ஞானபாக்கியத்தின் புருஷன் போய்ச்சேர்ந்துவிட்டார். மகன் திருப்பூரில் வேலையில் இருந்தான். தனியாகக் கிடந்த அவளுக்குத் தங்கச்சியைப் பார்த்துக்கொள்வது ஒரு பிடிப்பாக இருந்தது. வென்னீர் வைத்தாள், பூண்டு வதக்கினாள், கோயில் மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக ஜெபம் பண்ணினாள். குழந்தைக்கு ஜெனிஷா என்று பெயரிட்டார்கள்.

ஜெனிஷா அழவில்லை. பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் கொஞ்சம் கத்தினாள், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்தபின் தூங்கினாள். பாலுக்கு எழுப்பினால் எழுவாள், நாலு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வாள். பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

"குடுத்து வச்சவ நீ. என் பிள்ள மூணு மாசம் கண்ண மூட விடல."

"தாய்க்குத் தகுந்த பிள்ள. அமரிக்கையா இருக்கு பாரு."

கிருபாபாய் நன்றியோடு கேட்டுக்கொண்டாள். தையல் வலியோடு, உடம்பெல்லாம் ஈயத்தை ஊற்றிய மாதிரி கனக்க, அவளுக்குத் தூக்கம் ஒன்றுதான் வேண்டியிருந்தது. பிள்ளை அழாமல் இருந்தது அவளுக்குக் கிடைத்த சகாயம். அவளும் பிள்ளையும் ஒரே பாயில் பகலெல்லாம் கிடந்தார்கள்.

மஞ்சள் இருந்தது. ஆஸ்பத்திரியை விட்டு வரும்போதே முகத்தில் லேசாகத் தெரிந்தது. எல்லாப் பிள்ளைக்கும் வருவதுதான், காலை வெயிலில் காட்டுங்கள், போகாவிட்டால் தூக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஞானபாக்கியம் தினமும் வாசலில் உட்கார்ந்து மடியில் போட்டு வெயில் காட்டினாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இதே மாதிரி இருந்து தானாகப் போயிற்று. ஜெனிஷாவுக்குப் போகவில்லை. முகத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கி அங்கேயே நின்றது. ஒரு கட்டத்தில் அந்த நிறம் அவர்கள் கண்ணுக்குப் பழகிவிட்டது. நம்ம குடும்பத்து மாநிறத்துக்கு இப்படித்தான் தெரியும் என்று ஞானபாக்கியம் சொன்னாள். சொன்னதோடு கீழாநெல்லியை அரைத்து ஒரு சொட்டு நாக்கிலும் வைத்தாள்.

கிருபாபாயை உலுக்கியது மஞ்சள் இல்லை. பிள்ளை பல நாளாக வெளிக்குப் போகவில்லை என்பது ஒரு நாள் துணி துவைக்கும்போது அவளுக்கு உறைத்தது. துவைக்கிற துணியில் ஈரம் மட்டுமே இருந்தது. உள்ளே வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்தாள். வயிறு உப்பியிருந்தது, தொப்புள் புடைத்திருந்தது. கையும் காலும் சில்லென்று இருந்தன. வெளியே பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. உள்ளங்காலில் சுண்டினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது, வாயைத் திறந்தது, ஒரு கரகரத்த முனகல் வந்தது, பிறகு மறுபடி தூங்கிப்போனது. நாக்கு நுனி உதட்டுக்கு வெளியே தெரிந்தது.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்கு? வெளிக்குப் போகலன்னா வெளக்கெண்ணெய் தடவுனா போவும். அங்க கொண்டுபோனா கைய கால ஊசியால குத்தி வச்சுருவாவ. பச்ச மண்ணு அது."

"குத்தட்டும்."

"பொன்னுராஜ் தம்பி வரட்டும். அவரு வந்து ஒரு வார்த்த சொன்ன பொறவு போவோம்."

"அவிய நாளைக்குத்தான் வாராவ. நான் இப்பப் போறேன்."

கிருபாபாய் அக்காளை எதிர்த்துப் பேசிய சந்தர்ப்பங்கள் குறைவு. இதையும் அவள் உரக்கச் சொல்லவில்லை. பிள்ளையைத் துண்டில் சுற்றிக்கொண்டு தெருமுனை வரைக்கும் நடந்தாள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோது மூச்சு வாங்கியது. டிரைவர் வண்டியைக் கிளப்பும் முன் ஞானபாக்கியம் கையில் ஃபிளாஸ்க்கோடு வந்து பக்கத்தில் ஏறினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஒத்தையில எப்படிப் போவ" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவர்கள் வெகுநேரம் காத்திருந்தார்கள். குழந்தைகளைப் பார்க்கிற டாக்டரம்மாவுக்கு முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். அவளும் தூங்கி நாளானவள் போலிருந்தாள். பிள்ளையின் துண்டை விலக்கியதும் அவள் முகத்தில் இருந்த தூக்கம் போய்விட்டது. தலையின் பின்பக்கம் விரலால் தடவினாள். அங்கே எலும்பு சேராமல் மெத்தென்று இருந்தது. தொப்புளை அழுத்தினாள். நாக்கைப் பார்த்தாள்.

"மலம் என்ன நிறத்துல போகும்? வெள்ளையா, களிமண்ணு மாதிரிப் போகுமா?"

"இல்லம்மா. போனா மஞ்சளாத்தான் போகும். போறதுதான் அபூர்வம்."

"ரொம்ப அழுவாளா?"

கிருபாபாய் பதில் சொல்வதற்குள் ஞானபாக்கியம் முந்திக்கொண்டாள். "சமத்துப் பிள்ளம்மா. பிறந்ததுல இருந்து அழுததே கிடையாது."

டாக்டரம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டுப் பிள்ளையை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு இரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். முடிவு மறுநாள் வந்தது. அதற்குள் பொன்னுராஜும் வண்டியைக் கம்பெனியில் விட்டுவிட்டு வந்திருந்தான். டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரச் சொன்னாள்.

"பிள்ளைக்குத் தைராய்டு சுரக்கல. கழுத்துல இருக்கிற சின்னச் சுரப்பி அது. அதுல இருந்து வர்ற ஹார்மோன் இவளுக்கு இல்லேன்னே சொல்லலாம்."

"மஞ்சக்காமாலைன்னுல்ல நெனச்சோம்" என்றான் பொன்னுராஜ். "ஈரல்தான கெட்டுருக்கும்?"

"ஈரல் நல்ல ஈரல்தாங்க." டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உடம்புல பழைய ரத்த அணு உடையும்போது மஞ்சளா ஒண்ணு வரும். பிள்ளை வயித்துல இருக்கிற வரைக்கும் அந்த மஞ்சளை அம்மாவோட ஈரல்தான் சேர்த்துச் சுத்தம் பண்ணுது. பிறந்த அப்புறம் பிள்ளையோட ஈரலே பண்ணணும். அதுக்கு ஈரலுக்குள்ள என்சைம்னு ஒண்ணு வேணும். அதுதான் மஞ்சளைக் கரையுற மாதிரி மாத்தி வெளியே அனுப்பும். பிறந்த புதுசுல எந்தப் பிள்ளைக்கும் அது போதுமான அளவு இருக்காது. அதனாலதான் எல்லாருக்கும் கொஞ்சம் மஞ்சள் வந்து போகுது. ஒண்ணு ரெண்டு வாரத்துல என்சைம் கூடிரும்."

"இவளுக்குக் கூடலையா?"

"கூடச் சொல்லி ஈரலுக்குத் தகவல் போகணும்ல. அந்தத் தகவல்தான் ஹார்மோன். பிறக்குறதுக்குக் கொஞ்சம் முன்னால இருந்தே ஒவ்வொரு ஹார்மோனா ஈரலுக்கு வந்து, இந்த வேலைய ஆரம்பி, அந்த வேலைய ஆரம்பின்னு சொல்லும். சர்க்கரை செய்யுறது ஒண்ணு, மஞ்சளைக் கழிக்கிறது ஒண்ணு. தைராய்டும் அதுல முக்கியமான ஆள். இவளுக்கு அந்த ஆளே வரல. ஈரல் சும்மா காத்துக்கிட்டு இருக்கு. ஈரல் மட்டுமில்ல, குடலு, நெஞ்சு, எல்லாமே மெதுவா ஓடுது. அதனாலதான் அழாம தூங்கிக்கிட்டே இருக்கா."

ஞானபாக்கியம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கம்பெனியில் சில காலைகளில் எல்லாத் தறியும் பாவு நூல் ஏற்றித் தயாராக நிற்கும். ஆட்களும் வந்திருப்பார்கள். மெயின் சுவிட்சைப் போடுகிறவன் மட்டும் வந்திருக்க மாட்டான். கிருபாபாய்க்கு அப்படித்தான் விளங்கியது. அவள் கேட்டாள், "மருந்து குடுத்தா மஞ்ச போயிருமாம்மா?"

"போயிரும். மஞ்சளைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. மூளை வளர்றதுக்கும் இதே ஹார்மோன் வேணும். இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லாருந்திருக்கும். இப்பவும் வந்தீங்களே, அதுவே பெரிசு. இன்னைக்கே ஆரம்பிக்கணும்."

மருந்து என்பது ஒரு சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரைதான். தினமும் காலையில் இரண்டு ஸ்பூனுக்கு நடுவே வைத்து நசுக்கி, சில சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுக்க வேண்டும். நிறுத்தக் கூடாது. ஒருவேளை ஆயுள் முழுக்க.

"இம்புட்டுப் பொடி மாத்திரையா" என்று பொன்னுராஜ் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவனுக்கு அதில் நம்பிக்கை வரவில்லை. ஊசி, குளுக்கோஸ், மதுரை ஆஸ்பத்திரி என்று பெரிதாக ஏதாவது சொல்லியிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முதல் சில நாள் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு காலை ஜெனிஷாவின் கால் சூடாக இருந்தது. வயிறு இளகியது. மஞ்சள் கண்ணிலிருந்து கடைசியாகப் போயிற்று. போகப் போகத்தான் பிள்ளையின் நிறமே அவர்களுக்குத் தெரிந்தது. அது பொன்னுராஜின் கருப்பு. அதன் பிறகு அவள் அழ ஆரம்பித்தாள். பசிக்கு அழுதாள், ஈரத்துக்கு அழுதாள், காரணமே இல்லாமலும் அழுதாள். கிருபாபாய் இராஜபாளையத்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு வரிசை வீடுகளில் யாருக்கும் தூக்கமில்லை. அடுத்த வீட்டு மாரிசெல்வி சுவரைத் தட்டினாள்.

முதல் தடவை அந்த அழுகையைக் கேட்டபோது கிருபாபாய் சந்தோஷப்பட்டாள். அந்தச் சந்தோஷத்தை அனுபவிக்க உடம்பில் தெம்பில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் நடந்தாள். கால் வீங்கியது. முடி கொத்தாகக் கொட்டியது. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்ற நாளும் உண்டு. பால் பொங்குவது தெரிந்தது, கை போகவில்லை.

மாதம் ஒருமுறை பிள்ளைக்கு இரத்தம் எடுக்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார்கள். இடையில் ஒருமுறை டாக்டரம்மா எழுதிக்கொடுத்து, மதுரைக்குப் போய்ப் பிள்ளையின் கழுத்தை ஸ்கேனும் எடுத்து வந்தார்கள். அப்படிப் போன ஒரு நாளில் டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டுத் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்க குரல் எப்பவுமே இப்படித்தானா?"

"மில்லுத் தூசிம்மா."

"முகம் வீங்கியிருக்கே?"

"தூக்கமில்லல்லாம்மா."

"குளிருமா?"

கிருபாபாய் சேலைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டாள். டாக்டரம்மா அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். கர்ப்பமாக இருந்தபோது தைராய்டுக்கு இரத்தம் பார்த்தார்களா என்று கேட்டாள். ஒரு பரிசோதனைக்கு மட்டும் வேறொரு நாள் வரச் சொன்னதும், அன்றைக்குக் கம்பெனியில் ஏற்றுமதிச் சரக்கு போக வேண்டியிருந்ததால் லீவு கிடைக்காததும், பிறகு அது மறந்தே போனதும் கிருபாபாய்க்கு அப்போதுதான் ஞாபகம் வந்தன. சொன்னாள்.

இரத்தம் எடுத்துப் பார்த்ததில் அவளுக்கும் தைராய்டுக் குறைவு இருந்தது. எப்போது ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பல வருஷமாக இருக்கலாம், தங்காமல் போன கர்ப்பங்களுக்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம் என்றாள் டாக்டரம்மா.

கிருபாபாய் சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முதலில் வந்தது கோபம். மேஸ்திரியின் மேல் வந்தது. காலையில் எழ முடியாமல் கிடந்தபோது சோம்பேறி என்று சொன்ன அப்பாவின் மேலும் வந்தது. அவர்களோடு சேர்ந்து தன்னைத் தானே அப்படித்தான் நினைத்து வைத்திருந்ததும் நினைவுக்கு வந்தது. கோபத்தை வைத்திருக்கவும் பலம் வேண்டும். அது கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அதன் பின்னாலிருந்து வேறொன்று வந்தது.

"அப்ப என்னாலதானாம்மா பிள்ளைக்கு?"

"இல்ல. அவளுக்குச் சுரப்பியே சரியா உருவாகல. மதுரையில எடுத்த ஸ்கேன்ல தெளிவா இருக்கு. அது தானா நடக்குறது, யாராலயும் வர்றதில்ல. உங்களுக்கு இருக்கிறது வேற நோய்."

"நான் அந்த மாத்திரைய அப்பவே சாப்பிட்டிருந்தா?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தாள். "வயித்துல இருக்கும்போது உங்ககிட்ட இருந்து அவளுக்குக் கொஞ்சம் கிடைச்சிருக்கும். அது குறைஞ்சிருக்கலாம். எவ்வளவு குறைஞ்சுச்சு, அதனால என்ன ஆச்சு, எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொன்னா அது பொய்."

இராஜபாளையம் வரை துணைக்கு வந்த ஞானபாக்கியம் பஸ்ஸில், "அந்தம்மா ஆறுதலா ரெண்டு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சா போவும்" என்று முணுமுணுத்தாள். கிருபாபாய்க்கு அப்படித் தோன்றவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு எப்படியோ நாளை ஓட்டலாம் போலிருந்தது.

அதன் பிறகு விடிந்ததும் தாயும் மகளும் மாத்திரை போட்டுக்கொண்டார்கள். சில மாதங்களில் கிருபாபாயின் முகம் வடிந்தது. குளிர் விட்டது. குரலில் பாதி கரகரப்பு போயிற்று. மீதி நிஜமாகவே பஞ்சுத் தூசிதான். அலுப்பும் போய்விடும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். ஒரு பங்கு போயிற்று. மிச்சம் இருந்தது. வேலைக்குத் திரும்பியாயிற்று, நின்ற நிலையில் மடிக்க வேண்டும், வீட்டுக்கு வந்து சோறு பொங்க வேண்டும், பிள்ளை விழித்துக்கொண்டிருக்கும். அதற்கு மாத்திரை கிடையாது.

பிள்ளை கொழுகொழுவென்று ஆனதைப் பார்த்துப் பொன்னுராஜுக்கு ஓர் எண்ணம் வந்தது.

"அதான் நல்லாருக்காள்ல. இன்னமும் எதுக்கு மாத்திர? கொஞ்ச நாளைக்கு நிறுத்திப் பாப்பமா?"

"கண்ணாடி போட்டதும் ரோடு நல்லாத் தெரியுதுன்னு, கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு வண்டி ஓட்டுவீயளா?"

அவன் யோசித்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. அவள் காய்ச்சலில் படுத்த நாட்களில் அவனே ஸ்பூனை எடுத்து நசுக்கினான். ஞானபாக்கியம் தன் பங்குக்குத் தினமும் காலையில் ஃபோன் அடித்து, "குடுத்தியா" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டு வைப்பாள்.

ஜெனிஷா எல்லாவற்றையும் தாமதமாகச் செய்தாள். தலை நிற்கத் தாமதம், உட்காரத் தாமதம். அவள் வயதுப் பிள்ளைகள் தெருவில் ஓடும்போது அவள் சுவரைப் பிடித்து நின்றாள். விருதுநகரில் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற மையத்துக்குப் பொன்னுராஜ் லீவு போட்டுத் தூக்கிப்போனான். அங்கே காதையும் சோதித்துப் பார்த்து, நன்றாகக் கேட்கிறது என்றார்கள். இரண்டு வயது தாண்டி அவளுக்கு நாலைந்து வார்த்தை வந்தது. மூன்றை நெருங்கும்போது வார்த்தைகளைச் சேர்க்க ஆரம்பித்தாள். இது எதுவரைக்கும் போகும், பள்ளிக்கூடத்தில் எப்படியிருப்பாள் என்று கேட்டால், பார்ப்போம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பார்ப்போமைக் கேட்டுக் கேட்டுக் கிருபாபாய் கேட்பதையே விட்டுவிட்டாள்.

சென்ற ஆடி மாதம் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தாள். வேறொரு டாக்டர் இருந்தார். எப்போது கண்டுபிடித்தது, என்ன அளவு, எப்போது நடந்தாள் என்று முதலிலிருந்து கேட்டார். கிருபாபாய் முதலிலிருந்து சொன்னாள். பிள்ளை எடை கூடியிருப்பதால் மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டி எழுதினார். வெளியே வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. பிள்ளை நடக்க மாட்டேன் என்று நின்றாள். கிருபாபாய் அவளைத் தூக்கிக்கொண்டு மடவார் வளாகத்தில் அக்கா வீடு வரை வந்தாள்.

ஞானபாக்கியம் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். ஜெனிஷா பெரியம்மாவின் மடியில் ஏறிக்கொண்டு, தட்டைக் காட்டி, "மீனு. முள்ளு வேணாம்" என்றாள்.

"முள்ளு வேணாமாம். வக்கணையப் பாரு" என்று ஞானபாக்கியம் பொறுக்கி எடுத்து ஊட்டினாள். "ஏட்டி, சாயங்கால பஸ்ஸுக்குத்தான போற? செத்த நேரம் படுத்து எந்திரி."

"வேலையிருக்குக்கா. துணியெல்லாம் ஊறப் போட்டு வந்திருக்கேன்."

"ஊறட்டும்."

கிருபாபாய் வெறும் சிமெண்ட் தரையில் சேலைத் தலைப்பைத் தலைக்கு வைத்துப் படுத்தாள். தரை குளுமையாக இருந்தது. பிள்ளை ஏதோ கேட்பதும், அக்கா பதில் சொல்வதும், தெருவில் சைக்கிள் போவதும் கேட்டன. பிறகு கேட்கவில்லை. பஸ் நேரம் வந்தபோது ஞானபாக்கியம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். எழுப்பவில்லை. பொன்னுராஜுக்கு ஃபோன் போட்டு, வரும்போது இந்தப் பக்கமாக வண்டியைத் திருப்பிக்கொண்டு வரச் சொன்னாள். பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுத் தெருவுக்கு இறங்கினாள்.